பழைய கணனிக் கணக்கைப் புதிய கணனிக்கு மாற்றுவோர் கவனத்திற்கு

எமது ஊரில் துணிக்கடை நடத்தும் இளம் வியாபாரி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். பதினைந்து வருடங்களாகப் பாவித்த கணனி மென்பொருளை விட்டுவிட்டுப் புதியதொன்றை வாங்கப் போகிறாராம். "பழைய கணக்கெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன் நானா, ஒரு பென் டிரைவில் எடுத்துப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று கம்பனித் தம்பி சொல்கிறார், அப்படியா?" என்று கேட்டார். ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் செய்ததைத் திருத்த எனக்கு மூன்று மாதங்கள் எடுத்தன என்று சொன்னேன். அவருக்குச் சொன்னதை மற்ற வியாபார சகோதரர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த வாரம் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எமது ஹார்ட்வெயார் கடையில் 2003ஆம் ஆண்டிலிருந்து ஒரு மென்பொருள் ஓடியது. ஊரில் கணனி படித்த ஒரு தம்பி விசுவல் ஃபொக்ஸ்புரோவில் எழுதித் தந்தது. பற்றுச்சீட்டு, கையிருப்பு, கடன்காரர் பேரேடு என்று எல்லாமே அதில் இருந்தன. எழுதித் தந்த தம்பி பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். ஃபொக்ஸ்புரோவின் சொந்தக்காரரான மைக்ரோசொப்ட் நிறுவனம் 2007இல் இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவையும் நிறுத்தியது. அப்படியிருந்தும் எமது மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது கடையைத் திறந்து, இரண்டு கடைகளின் கையிருப்பையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டிய தேவை வந்தபோதுதான் 2018இல் மாறத் தீர்மானித்தோம். புதிய மென்பொருள் கொழும்பிலிருந்து வந்தது. விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை. பிழையில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

முதலில் விசயத்தை விளங்கிக்கொள்வோம். கணனியில் கணக்கு இருக்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதற்குள் அட்டவணைகள் இருக்கும். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சாமான்களுக்கு ஓர் அட்டவணை, விற்பனைக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு அட்டவணையிலும் நிரல்கள். பெயருக்கு ஒரு நிரல், தொலைபேசிக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று. இப்படி அட்டவணைகளாகப் பிரித்து, இலக்கங்களால் ஒன்றோடொன்று தொடுத்து வைக்கும் முறையை ஐ.பீ.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் கொட் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். இன்றும் பெரும்பாலான வியாபார மென்பொருட்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

அப்படியானால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதில் என்ன சிரமம்? எனது வாப்பாவின் காலத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். இருவரும் ஒரே கடைக்கு, ஒரே தமிழில்தான் கணக்கு எழுதினார்கள். ஆனால் ஒருவர் பாக்கியை வலது பக்கம் எழுதுவார், மற்றவர் சிவப்பு மையில் எழுதுவார். ஒருவர் ஆணியைப் பெட்டிக் கணக்கில் எழுதுவார், மற்றவர் இறாத்தல் கணக்கில். ஒருவருடைய கொப்பியை மற்றவரிடம் கொடுத்துப் பார்த்து எழுது என்றால், எழுதிவிடுவார். எழுதியது சரியா என்பது வேறு விசயம். இரண்டு மென்பொருட்களும் அந்த இரண்டு கணக்கப்பிள்ளைகள் மாதிரித்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் தலையைத் தூக்கிக் கேட்பார். கணனி கேட்காது.

மாற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. இரண்டு தரவுத்தளங்களையும் நேரடியாகப் பேச வைக்கும் ஓ.டீ.பீ.சீ. என்ற பாலம் 1992இலிருந்து இருக்கிறது. சில மென்பொருட்கள் எக்ஸ்.எம்.எல். கோப்பை ஏற்கும். ஆனால் நம்மைப் போன்ற சிறு கடைகளுக்கு வரும் தம்பிமார் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பழையதிலிருந்து எல்லாவற்றையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக எடுப்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர் முடிந்ததும் ஒரு காற்புள்ளி, முகவரி முடிந்ததும் ஒரு காற்புள்ளி, தொலைபேசி முடிந்ததும் ஒரு காற்புள்ளி. இதைத்தான் சீ.எஸ்.வீ. என்று சொல்வார்கள். புதிய மென்பொருள் அந்தக் காற்புள்ளிகளைப் பார்த்து நிரல்களைப் பிரித்துக்கொள்ளும். எளிமையான முறை, பிழையான முறை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கடையில் நடந்ததைக் கேளுங்கள்.

புதிய கணனியில் முதன்முதலாக வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, இப்ராஹீம்களைக் காணவில்லை. இஸ்மாயில்களைக் காணவில்லை. இம்தியாஸ், இர்பான், இத்ரீஸ் ஒருவரும் இல்லை. அவர்களுடைய வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் வாலும், தொலைபேசி இருக்க வேண்டிய இடத்தில் முகவரியும் கிடந்தன. மற்ற எழுத்துக்களில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. கம்பனித் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது அச்சகத்தில் வேலை செய்யும் எனது மருமகன்.

நமது நாட்டில் தமிழில் கணனி பாவித்தவர்களுக்குப் பாமினி எழுத்துருவைத் தெரியாமல் இருக்காது. நாம் கல்யாணக் கார்ட் அடித்ததும் பள்ளிவாசல் நோட்டீஸ் அடித்ததும் பெரும்பாலும் அதில்தான். பாமினியில் எழுதியது உண்மையில் தமிழ் எழுத்தாகக் கணனிக்குள் இருப்பதில்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்களும் குறிகளும்தான். அவற்றைத் தமிழ்போலக் காட்டுவது எழுத்துருவின் வேலை. ஆங்கில 'எம்' எழுத்தைத் தட்டினால் திரையில் 'அ' விழும். அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். காற்புள்ளியைத் தட்டினால் விழுவது 'இ'. இணையத்தில் சில பழைய இலங்கைச் செய்திகளை வாசித்தவர்கள், வசனத்தின் நடுவில் காரணமில்லாமல் ஓர் 'இ' நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது காற்புள்ளி. பாமினியிலிருந்து மாற்றிய இயந்திரம் அதையும் 'இ' என்று எண்ணிவிட்டது.

எங்கள் கடையில் இதே விசயம் தலைகீழாக நடந்தது. பெயரில் இருந்த ஒவ்வொரு 'இ'யையும் புதிய மென்பொருள் காற்புள்ளி என்று எண்ணி அந்த இடத்தில் நிரலை வெட்டிவிட்டது. ஒழுங்கான முறையில் கோப்பை எடுத்திருந்தால் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருக்கும், உள்ளே இருக்கும் காற்புள்ளி பாதிக்காது. எமது தம்பி தானே எழுதிய ஒரு சிறு நிரலியால் எடுத்தார், அதில் மேற்கோள் குறி இல்லை. காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியைப் போட்டுப் பார்ப்போம் என்று அவர் சொன்னபோது மருமகன் சிரித்துவிட்டார். அப்படிச் செய்திருந்தால் புள்ளி வைத்த எழுத்து உள்ள ஒவ்வொரு பெயரும் உடைந்திருக்கும், அதாவது ஏறக்குறைய எல்லாப் பெயர்களுமே. முடிவில் 'டப்' சாவியின் இடைவெளியைப் பிரிப்பானாக வைத்து எடுத்தோம். இப்ராஹீம்கள் திரும்பி வந்தார்கள்.

அதோடு விசயம் முடியவில்லை. இன்றைய மென்பொருட்கள் யூனிகோட் தமிழைத்தான் ஏற்கும். 1991இல் வந்த முதற் பதிப்பிலிருந்தே யூனிகோட்டில் தமிழ் இருக்கிறது. பாமினியை யூனிகோட்டாக மாற்ற இலவச மாற்றிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் தமிழ் எழுதிய நிரலை மட்டும்தான் மாற்றியில் போட வேண்டும். எமது சாமான் பட்டியலில் சிமெந்து, பெயின்ட் வகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த நிரலையும் சேர்த்து மாற்றியில் போட்டதால், எந்த மொழியிலும் இல்லாத தமிழ்ச் சொற்கள் ஐந்நூறு எமக்குக் கிடைத்தன. சில நிரல்களில் இரண்டு மொழியும் கலந்திருக்கும். அவற்றை மனிதன்தான் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டு இரவுகள் என் மகளும் நானும் இருந்து திருத்தினோம்.

அடுத்தது எக்ஸெல். பலர் கோப்பை எடுத்ததும் 'சரியா என்று பார்ப்போம்' என்று எக்ஸெலில் திறந்து, சேமித்து மூடுவார்கள். பார்ப்பதற்காகத் திறந்ததே கோப்பைக் கெடுத்துவிடும். நமது தொலைபேசி இலக்கங்கள் பூச்சியத்தில் தொடங்குபவை. எக்ஸெல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிடும். 13 இலக்க பார்கோட்டைச் சுருக்கி ஒரு தசமமும் பத்தின் அடுக்குமாகக் காட்டும், அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். இந்த நிரல்களை 'எழுத்து' என்று முன்கூட்டியே சொல்லி உள்ளே எடுக்க வேண்டும்.

திகதி இன்னும் ஆபத்தானது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். கணனியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நாம் ஏப்ரல் 3 என்று எழுதியதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் திகதிக்குப் பிந்தியவற்றில் மாதம் பொருந்தாது என்பதால் அவை எழுத்தாக நின்றுவிடும், கண்ணுக்குப் பிடிபடும். 1 தொடக்கம் 12 வரையான திகதிகள்தான் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன. பின்திகதியிட்ட காசோலை வாங்கி வியாபாரம் செய்யும் நமக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கமும் கூடாது. பல கணனிகளில் எக்ஸெலின் வழமையான அமைப்பில் 29 என்று எழுதினால் 2029, 30 என்று எழுதினால் 1930. 2030இல் காலாவதியாகும் சாமான் நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே காலாவதியாகிவிட்டதாகக் காட்டும்.

பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. 2020இல் பிரித்தானியாவின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா நோயாளர் விபரங்களை இந்தப் பழைய வகைக் கோப்புக்குள் எடுத்தபோது, மிஞ்சிய வரிகள் வெளியே விழுந்து, ஏறக்குறைய 16,000 நோயாளர்களின் விபரம் சில நாட்களாகக் கணக்கில் வராமல் போனது. பெரிய அரசாங்கங்களுக்கே இது நடக்கும்போது, பத்து வருடப் பற்றுச்சீட்டு வரிகளை வைத்திருக்கும் கடைக்காரர் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிழைகள். தெரியாத பிழைகள் இரண்டு இருந்தன. அவை எனது மரியாதையைப் பறித்தன.

புதிய மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தானாகவே எஸ்.எம்.எஸ். அனுப்பும். விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார், நானும் சந்தோசமாகச் சரி என்றேன். தொடங்கிய முதலாவது திங்கட்கிழமை செய்திகள் போயின. மதியம் லுஹருக்குப் பிறகு ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. தொலைபேசியை நீட்டினார். அவருடைய வாப்பா மௌத்தாகி ஆறு வருடங்கள். மையித்து வீட்டுக்குப் போனபோது, அவருடைய கடனை ஹலாலாக்கிவிட்டேன் என்று குடும்பத்தாரிடம் நானே சொல்லியிருந்தேன். கடைக்கு வந்து கணனியிலிருந்து அவருடைய பெயரையும் நீக்கினேன். இப்போது அவருடைய மனைவியின் தொலைபேசிக்கு, உங்கள் பாக்கியை உடனே செலுத்துங்கள் என்று எனது கடையின் பெயரில் செய்தி போயிருக்கிறது. "உம்மா அழுதுகொண்டிருக்கிறா ஹாஜியார்" என்றார் பிள்ளை. அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நீக்கிய பெயர் எப்படித் திரும்பி வந்தது? ஃபொக்ஸ்புரோவும் அதற்கு முந்திய டீபேஸும் தரவை வைக்கும் கோப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பதிவை நீக்கு என்றால் அது நீக்காது. அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் இடும். குறி உள்ள வரியைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும். 'பெக்' என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் உண்மையில் வரி அழியும். பதினைந்து வருடங்களாக அந்தக் கட்டளையை ஒருவரும் கொடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தம்பியின் சிறு நிரலி கோப்பை நேரடியாக வாசித்தது, நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. அதனால் நாம் மன்னித்தவர்கள், தீர்த்துவிட்டு ஊர் மாறிப் போனவர்கள், பிழையாகப் பதிந்து நீக்கியவை எல்லாமாக 63 பேர் உயிர்பெற்று வந்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் இதே கோப்பில் உண்டு. நீண்ட குறிப்புகளை ஃபொக்ஸ்புரோ பிரதான கோப்பில் வைக்காது, அதே பெயருள்ள வேறொரு கோப்பில் வைக்கும். பிரதான கோப்பை மட்டும் பென் டிரைவில் பிரதி எடுத்துப் போனால் குறிப்புகள் வராது. 'இவருக்கு மகனிடம் மட்டும் சாமான் கொடுக்கவும்', 'பாதிப் பணம் தம்பி பொறுப்பு' என்றெல்லாம் எழுதி வைத்தவை எமக்கு இப்படித்தான் விடுபட்டன. கடனுக்குச் சாட்சி மாதிரி இருந்த குறிப்புகள் அவை. கடனை எழுதி வைப்பது பற்றிப் பேசும் சூரா பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். எழுதியதைப் பத்திரமாக இடம் மாற்றுவதும் அந்தப் பொறுப்பில் சேரும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

இரண்டாவது சம்பவம் அதே வாரம் வியாழக்கிழமை. எமது பக்கத்தில் வசதி குறைந்தவர்கள் வீடு கட்டுவதற்கு, கையில் காசு வரும்போதெல்லாம் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வைப்பார்கள். தொகை சேர்ந்ததும் சீற் எடுப்பார்கள், கம்பி எடுப்பார்கள். அப்படி 40,000 ரூபாய் கட்டி வைத்திருந்த வயதான ஓர் உம்மா வந்தார். கூரைக்குச் சீற் வேண்டும் என்றார். கணனியைப் பார்த்த வேலைக்காரப் பிள்ளை, "உம்மா, நீங்கள் 40,000 ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால்தான் தரலாம்" என்று சொல்லியிருக்கிறான். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பின்னேரம் ஒரு சீனி டின்னோடு திரும்பி வந்து என் மேசையில் வைத்தார். உள்ளே நாம் கொடுத்த துண்டுகள் அத்தனையும் இருந்தன. "எனக்கு வாசிக்கத் தெரியாது மகன். நான் சல்லி தரோணுமா, நீங்க தரோணுமா எண்டு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவரிடம் துண்டு இருந்தது. துண்டைத் தொலைத்த ஒருவர் வந்திருந்தால் நான் கணனியைத்தானே நம்பியிருப்பேன்? அதை நினைத்தால் இன்றும் மனம் பதறும்.

காரணம் மிகச் சிறியது. பழைய மென்பொருளில் தொகை ஒரு நிரலிலும், அது வரவேண்டியதா கொடுக்கவேண்டியதா என்பதைக் காட்டும் ஓர் எழுத்து இன்னொரு நிரலிலும் இருந்தன. புதிய மென்பொருளில் ஒரே நிரல்தான். வரவேண்டியது என்றால் கூட்டல், கொடுக்கவேண்டியது என்றால் கழித்தல். தொகை நிரல் மட்டும் போனது, எழுத்து நிரல் போகவில்லை. முற்பணம் கட்டியவர்கள் எல்லோரும் கடன்காரர் ஆகிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். எமது கணக்காய்வாளரைக் கூப்பிட்டேன். அவர் கணனியைத் தொடவே இல்லை. பழையதில் மொத்தப் பாக்கி எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பழையதில் 38 இலட்சத்து 42 ஆயிரம். புதியதில் 47 இலட்சத்து 15 ஆயிரம். வித்தியாசம் 8 இலட்சத்து 73 ஆயிரம். திரும்பி வந்த 63 பேருடைய தொகை 5 இலட்சத்து 61 ஆயிரம், அதைக் கழித்தால் மிச்சம் 3 இலட்சத்து 12 ஆயிரம். "இதை இரண்டால் வகுங்கள்" என்றார். ஒரு இலட்சத்து 56 ஆயிரம். "இந்தத் தொகைக்கு ஏதாவது பட்டியல் இருக்கிறதா பாருங்கள்." முற்பணம் கட்டிய 19 பேருடைய மொத்தம் சதம் பிசகாமல் அதுவே. கழிக்க வேண்டிய ஒன்றைக் கூட்டினால் பிழை இரட்டிப்பாக வரும், அதனால்தான் பாதியாக்கிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். பழைய காலத்துக் கணக்கப்பிள்ளைகளின் வித்தை. இந்த இரண்டு மொத்தங்களையும் எஸ்.எம்.எஸ். போவதற்கு முன்பு நான் ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. என்னுடைய பாதிப் பிழை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

ஆகவே மாற்றும் ஒருவர் எதைச் செய்யாவிட்டாலும் மொத்தங்களை ஒப்பிட வேண்டும். எத்தனை வாடிக்கையாளர், எத்தனை சாமான், மொத்தப் பாக்கி, மொத்தக் கையிருப்புப் பெறுமதி, கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கம். தொலைபேசி இலக்கங்களைக்கூட ஒன்றோடொன்று கூட்டி இரண்டு பக்கமும் பார்க்கலாம். அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆனால் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். மொத்தம் பொருந்தினாலும் போதாது. இருபது பேரைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்து, ஒவ்வொருவருடைய கணக்கையும் பழைய திரையில் ஒன்றும் புதிய திரையில் ஒன்றுமாகத் திறந்து பார்க்க வேண்டும். அதில் முற்பணம் கட்டியவர் ஒருவர், நீக்கியவர் ஒருவர், திருப்பி ஒப்படைத்த சாமான் உள்ளவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

பெயரை வைத்து ஆட்களை இணைக்க விடவே கூடாது. நமது சமூகத்தில் ஒரே மாதிரி முதலெழுத்துக்களோடு ஒரே பெயரில் ஒரு தெருவில் மூன்று பேர் இருப்பார்கள். அதேநேரம் ஒரே ஆளை முஹம்மத், மொஹமட், முகம்மது என்று மூன்று விதமாகப் பதிந்திருப்போம். எமது புதிய மென்பொருள் பெயர் ஒன்றாக இருந்தவர்களைச் சேர்த்துவிடவா என்று கேட்டது, நல்லவேளையாக வேண்டாம் என்று அழுத்தினோம். பழைய வாடிக்கையாளர் இலக்கத்தையே புதியதிலும் ஒரு நிரலில் வைத்திருங்கள். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பார்ப்பவர்கள், 2016இலிருந்து 12 இலக்க அட்டை வந்திருப்பதை மறக்க வேண்டாம். பழைய ஒன்பது இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் இட்டு, கடைசி ஆங்கில எழுத்தை விட்டால் புதிய வடிவம் வரும். இவை மற்றவர்களின் சொந்த விபரங்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 2022இல் இதற்கென்றே 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் நிறைவேற்றப்பட்டது. வாடிக்கையாளர் பட்டியல் உள்ள பென் டிரைவை யாரோ ஒரு தம்பியின் சட்டைப் பையில் வீட்டுக்கு அனுப்புவது நல்லதல்ல.

கையிருப்பைப் பொறுத்தவரை எனது அபிப்பிராயம் வேறு. பழைய கணனியின் கையிருப்பை மாற்றவே வேண்டாம். சாமான்களின் பெயரையும் விலையையும் மட்டும் மாற்றிவிட்டு, கடையை ஒரு நாள் மூடி எண்ணி எழுதுங்கள். எமது பழைய கணக்கில் கம்பி எண்ணிக்கையில் இருந்தது, பழைய சோனகத் தெருவிலிருந்து வருவது எடையில். 12 மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றர் ஏறத்தாழ 0.89 கிலோ என்ற கணக்கில் மாற்றிப் பார்த்தோம். துண்டுக் கம்பிகள், துருப்பிடித்தவை எல்லாம் சேர்ந்து ஒன்றும் சரிவரவில்லை. எண்ணியபோது, கணக்கில் இருந்து கடையில் இல்லாதவையும், கடையில் இருந்து கணக்கில் இல்லாதவையும் வெளிவந்தன. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளை மாற்றும் நாளாக வைத்துக்கொண்டால் ஒரே வேலையில் இரண்டும் முடியும். அந்த வருடம் எனது கணக்கில் வரவேண்டிய கடன் 8 இலட்சத்து 73 ஆயிரம் கூடுதலாக நின்றதை யோசித்துப் பாருங்கள். அதை வைத்து ஸகாத் பார்த்திருந்தால் இல்லாத சொத்துக்குக் கணக்குப் போட்டிருப்பேன். மறுபக்கம் பிழைத்திருந்தால் ஏழைகளின் ஹக்கு குறைந்திருக்கும்.

மாற்றிய பிறகும் ஒரு மாதமாவது இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். பற்றுச்சீட்டை இரண்டு தடவை அடிப்பது வேலையாட்களுக்குச் சலிப்பான விசயம்தான், எமது பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு நாளும் இரவில் இரண்டு திரையிலும் அன்றைய மொத்தம் ஒன்றாக வர வேண்டும். தானாக எஸ்.எம்.எஸ். போவது போன்ற வசதிகளை அந்த மாதம் முடியும்வரை மூடி வைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் எதையும் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

பிரித்தானியாவில் டீ.எஸ்.பீ. என்ற வங்கி 2018 ஏப்ரலில் தனது ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகளை ஒரே வார இறுதியில் பழைய கணனித் தொகுதியிலிருந்து புதியதுக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் புதிய தொகுதி அதைத் தாங்கவில்லை. மக்கள் தங்கள் பணத்தையே பார்க்க முடியாமல் நின்றார்கள். வழமைக்குத் திரும்ப அந்த வருடம் டிசம்பர் ஆகிவிட்டது. வங்கியின் தலைவர் பதவி விலகினார். 2022 டிசம்பரில் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அவர்களிடம் நூற்றுக்கணக்கான பொறியியலாளர்கள் இருந்தார்கள். நான் இதை வாசித்தபோது எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தவறாக எடுக்க வேண்டாம்.

துணிக்கடைத் தம்பிக்குக் கடைசியாக இன்னொன்றும் சொன்னேன். புதிய மென்பொருளை வாங்கும்போதே, நாளைக்கு இதை விட்டுப் போவதானால் எனது தரவை முழுமையாக, மற்றவர் வாசிக்கக்கூடிய வடிவில், காசு கேட்காமல் எடுத்துத் தருவீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இப்போது பல மென்பொருட்கள் மாதக் கட்டணத்தில் இணையத்தில் ஓடுகின்றன, கணக்கு நமது கடையில் இருப்பதே இல்லை. கட்டணத்தை நிறுத்தினால் எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள் என்பதையும் கேளுங்கள். மாற்றுவதற்கான கூலியில் பாதியை, மொத்தங்கள் பொருந்திய பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. சிமெந்து லொறி வந்தால் மூடையை எண்ணித்தானே காசு கொடுக்கிறோம்.

எமது பழைய கணனி இன்னும் கடையின் உள்ளறையில் இருக்கிறது, இணையத் தொடர்பு இல்லாமல். அதன் தரவுகளின் பிரதி ஒன்று வீட்டிலும் ஒன்று கணக்காய்வாளரிடமும் உண்டு. பழைய பற்றுச்சீட்டு ஒன்றைத் தேடி யாராவது வந்தால் திறப்போம். சென்ற மாதம் ஒருவர் 2011இல் வாங்கிய தண்ணீர் மோட்டரின் துண்டைக் கேட்டு வந்தார், எடுத்துக் கொடுத்தோம். அந்த உம்மாவுக்கு அன்றே சீற்றை வீட்டுக்கு அனுப்பினேன், லொறிக் கூலி வாங்கவில்லை. அவருடைய பேரன் இப்போது எமது கடையில்தான் கணனியில் இருக்கிறான்.